ஐந்து விநாடி, பதினோரு ஆண்டு: கடற்கடிகார வழக்கின் மறுவாசிப்பு

1762 ஜனவரியில் ஜமைக்காவின் போர்ட் ராயல் துறைமுகத்தில் ஒரு கடிகாரத்தின் நேரத்தைச் சூரியனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய சட்டைப்பைக் கடிகாரம் போன்ற தோற்றம், 13 சென்டிமீட்டர் குறுக்களவு, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றே குறைந்த எடை. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் நேரம் வைத்து 81 நாள் ஆகியிருந்தது. இடையில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்திருந்தது. பிழை 5 விநாடி என்று கணக்கிட்டார்கள். கடலில் தீர்க்கரேகை காண்பதற்கு நிர்ணயிக்கப்பட்ட பரிசை வெல்ல 2 நிமிடப் பிழைகூட அனுமதிக்கப்பட்டிருந்தது. இருந்தும் அதைச் செய்த ஜான் ஹாரிசனின் கணக்கு ஒருவாறு தீர 1773 வரை ஆயிற்று. அப்போது அவருக்கு 80 வயது.

இந்தப் பதினோரு ஆண்டுகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பொறாமை. படிக்காத கைவினைஞர் ஒருவரின் சாதனையை, வானியலை மட்டுமே நம்பிய கனவான்கள் ஒப்புக்கொள்ள மறுத்தார்கள் என்பது கதை. 1995இல் வெளியான டாவா சோபெலின் ‘லாங்கிட்யூட்’ நூல் இந்தக் கதையை உலகெங்கும் கொண்டுசென்றது. பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகமும் அந்தப் பரிசை நிர்வகித்த தீர்க்கரேகை வாரியத்தின் ஆவணங்களை மின்னுருவாக்கி ஆராய்ந்தபோது, ரெபெக்கா ஹிகிட், ரிச்சர்ட் டன் போன்ற வரலாற்றாசிரியர்கள் வேறொரு சித்திரத்தை முன்வைத்தார்கள். அதில் வாரியம் வில்லன் இல்லை. வானியல் முறை வீண்முயற்சியும் இல்லை.

இரண்டு தரப்பையும் எடைபோட, அந்த வழக்கு எதைப் பற்றியது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கடிகாரம் சரியாக ஓடியதா என்பது ஒரு கேள்வி. அந்தத் துல்லியத்தை இன்னொருவர் கையால் மறுபடி உண்டாக்க முடியுமா என்பது வேறு கேள்வி. ஹாரிசன் முதலாவதற்கு விடை சொன்னார். வாரியம் இரண்டாவதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

நாளுக்கு மூன்று விநாடி

கடலில் வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதை அறிவது பழைய வித்தை. துருவ நட்சத்திரமோ உச்சிவேளைச் சூரியனோ தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தால் போதும். முடிச்சிட்ட கயிற்றைப் பல்லில் கடித்து, சிறு பலகையின் கீழ் விளிம்பைத் தொடுவானத்தோடும் மேல் விளிம்பை நட்சத்திரத்தோடும் பொருத்தி, எத்தனையாவது முடிச்சு என்று பார்ப்பார்கள். அரபு மாலுமிகள் இதைக் கமால் என்றார்கள்; சோழமண்டலக் கரையில் இராப்பலகை.

கிழக்கு மேற்கில் இப்படி ஒரு பிடி கிடையாது. பூமி சுழல்வதால் வானம் முழுவதும் கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே தீர்க்கரேகையை அறிவதென்றால் நேரத்தை அறிவது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. 4 நிமிடத்துக்கு ஒரு பாகை. கப்பலில் நண்பகலாக இருக்கும்போது புறப்பட்ட துறைமுகத்தில் பிற்பகல் 3 மணி என்று தெரிந்தால், கப்பல் 45 பாகை மேற்கே வந்துவிட்டது. கப்பலின் நேரத்தைச் சூரியன் சொல்லும். ஊரின் நேரத்தைச் சுமந்து வர ஒன்று வேண்டும். ஒரு கடிகாரத்தை எடுத்துச் சென்றால் போதுமே என்று ஜெம்மா ஃபிரிசியஸ் 1530லேயே எழுதிவிட்டார்.

எழுதுவது எளிது. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை என்பது 60 கடல் மைல். 4 நிமிடப் பிழை கப்பலை அவ்வளவு தூரம் தவறான இடத்தில் காட்டும். மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஆறு வாரப் பயணத்தின் முடிவில் பிழை அரைப் பாகைக்குள் அடங்க வேண்டுமானால், கடிகாரம் நாளொன்றுக்கு மூன்று விநாடிக்கு மேல் பிசகக் கூடாது. கப்பல் உருளும், குளிரும் வெயிலும் மாறும், உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும், எண்ணெய் கெட்டிப்படும். பூமியின் ஈர்ப்புகூட எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை.

சில்லித் தீவுகளும் ஒரு சட்டமும்

1707 அக்டோபரில் தளபதி சர் கிளவுட்ஸ்லி ஷவலின் கப்பற்படை நாடு திரும்பும் வழியில் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதியது. நான்கு கப்பல்கள் மூழ்கின. இறந்தவர்கள் 1,400 முதல் 2,000 வரை இருக்கலாம் என்று வெவ்வேறு மதிப்பீடுகள் உண்டு. தீர்க்கரேகை தெரியாததால் நேர்ந்த கொடுமை, அதன் விளைவே 1714ஆம் ஆண்டுச் சட்டம் என்று பல நூல்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்.

இது அப்படியே ஏற்கத்தக்கதல்ல. அந்தப் படையின் எஞ்சிய கப்பல்களின் பயணக் குறிப்பேடுகளை டபிள்யூ. இ. மே ஆராய்ந்து 1960இல் வெளியிட்டார். அட்சரேகைக் கணக்குகளிலும் கணிசமான பிழை இருந்ததை அவர் காட்டினார். எளிது என்று கருதப்பட்டதிலேயே தடுமாறியிருக்கிறார்கள். வழி தவறுகிறோம் என்று எச்சரித்த மாலுமியைத் தளபதி தூக்கிலிட்டார் என்ற கதைக்கும் அக்காலச் சான்று இல்லை. பிற்காலத்தில் சேர்ந்த ஒட்டு அது. விபத்துக்கும் சட்டத்துக்கும் இடையே ஏழு ஆண்டு இடைவெளி வேறு.

சட்டத்துக்கு உடனடித் தூண்டுதல் வில்லியம் விஸ்டன், ஹம்ஃப்ரி டிட்டன் என்ற இருவரின் பிரசாரம். கடலில் ஆங்காங்கே கப்பல்களை நிறுத்தி வைத்து, அவை குறித்த நேரத்தில் வானில் வெடிகுண்டு எறிய வேண்டும் என்பது அவர்களின் யோசனை. ஆழ்கடலில் நங்கூரம் எங்கே பிடிக்கும் என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசனை கைவிடப்பட்டது, அதற்காகக் கேட்கப்பட்ட பரிசு மட்டும் சட்டமாயிற்று. அரைப் பாகைக்குள் தீர்க்கரேகை கண்டால் 20,000 பவுண்டு, மூன்றில் இரு பாகைக்குள் 15,000, ஒரு பாகைக்குள் 10,000. முறை கடலில் ‘நடைமுறைக்கு உகந்ததாகவும் பயனுள்ளதாகவும்’ இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. பின்னால் வந்த சச்சரவெல்லாம் இந்த ஒரு தொடருக்குள்தான் இருந்தது.

தீர்க்கரேகைப் பிழையின் விலை என்ன என்பதற்கு ஷவலைவிட நல்ல சான்று பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சனின் பயணம். 1741இல் அவருடைய சென்சூரியன் கப்பல், ஸ்கர்வி நோயால் ஆட்கள் சாய்ந்துகொண்டிருக்க, பசிபிக்கில் ஹுவான் பெர்னாண்டஸ் தீவைத் தேடியது. தீவின் அட்சரேகையை எட்டியாயிற்று. அது கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. மேற்கே ஓடி, மனம் மாறிக் கிழக்கே திரும்பி, சிலி நாட்டுக் கரையைக் கண்ட பின் மறுபடி மேற்கே வந்தார்கள். அந்த அலைச்சலில் மட்டும் 70, 80 பேர் இறந்ததாகப் பயணக் குறிப்பு சொல்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஹாரிசனின் முதல் கடற்கடிகாரத்தை லிஸ்பனுக்கு ஏற்றிச் சென்றதும் இதே சென்சூரியன்தான்.

வானத்துக் கடிகாரம்

1714இல் நாடாளுமன்றக் குழுவின் முன் கருத்துரைத்த நியூட்டன், கடிகார வழி கோட்பாட்டளவில் சரி, ஆனால் கடலின் அசைவையும் தட்பவெப்பத்தையும் ஈரத்தையும் ஈர்ப்பு வேறுபாட்டையும் தாங்கும் கடிகாரம் இதுவரை செய்யப்படவில்லை என்றார். அன்று அது பக்கச்சார்பு இல்லாத உண்மை. ஊசல் கடிகாரத்தை 1656இல் உருவாக்கிய ஹைகன்ஸே 1660களில் அதைக் கப்பலேற்றிப் பார்த்துத் தோற்றிருந்தார்.

மாற்று வழி, நேரத்தை வானத்திலேயே வாசிப்பது. விண்மீன்களுக்கு நடுவே நிலா மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை நகர்கிறது. நிலாவுக்கும் ஒரு குறிப்பிட்ட விண்மீனுக்கும் இடையிலான கோணத்தை அளந்து, அதே கோணம் கிரீனிச்சில் எத்தனை மணிக்கு அமையும் என்று முன்கூட்டிக் கணித்த அட்டவணையில் பார்த்தால் கிரீனிச் நேரம் கிடைத்துவிடும். கிரீனிச் வானோக்ககம் 1675இல் தொடங்கப்பட்டதே இதற்கான விண்மீன் பட்டியலுக்காகத்தான். அளவையில் ஒரு கலைப் பிழை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, நேரத்தில் 2 நிமிடமாகி, தீர்க்கரேகையில் அரைப் பாகையாகப் பெருகும். இந்த நெருக்கடியான கணக்கைச் சாத்தியமாக்கியவை இரண்டு. ஒன்று, ஜான் ஹாட்லி 1731இல் காட்டிய எண்மக் கோணமானியும் அதன் வழிவந்த செக்ஸ்டன்ட்டும். இன்னொன்று, ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் டோபியாஸ் மாயர் கணித்த நிலா அட்டவணைகள். 1765இல் வாரியம் மாயரின் மனைவிக்கு, கணவர் இறந்த பின், 3,000 பவுண்டு வழங்கியது. மாயருக்கு அடித்தளம் தந்த கணிதத்துக்காக ஆய்லருக்கு 300.

அரச வானியலாளர் நெவில் மாஸ்கெலைன் இந்த முறையைப் புத்தகமாக்கினார். ஊர் ஊராக வீட்டிலிருந்தபடியே கணக்குப் போடும் ஆட்களை அமர்த்தி, ஒரே கணக்கை இருவரைப் போட வைத்து, மூன்றாமவரைக் கொண்டு ஒப்பிட்டு, 1767ஆம் ஆண்டுக்கான நாட்டிகல் அல்மனாக்கை வெளியிட்டார். கடலோடிகளுக்கான பஞ்சாங்கம் என்று இதைச் சொல்லலாம். நான்கு மணி நேரக் கணக்கு அரை மணி அளவுக்கு இறங்கிற்று. மாஸ்கெலைனைப் பொறாமைக்காரராக மட்டுமே அறிந்த வாசகர்கள் இந்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். அச்சிட்ட புத்தகம் ஆயிரம் கப்பலுக்கும் ஒன்றுதான். வாரியத்தின் கண்ணில் அதன் பெரிய பலம் இதுவே.

தச்சர் மகனின் கடிகாரங்கள்

ஹாரிசன் 1693இல் யார்க்‌ஷயரின் ஃபோல்பியில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார்; லிங்கன்ஷயரின் பாரோ கிராமத்தில் வளர்ந்தார். முதல் கடிகாரங்களை மரத்தில் செய்தார். தானே எண்ணெய் கசியும் லிக்னம் வைட்டே மரத்தைத் தாங்கிகளுக்குப் பயன்படுத்தியதால், பிராக்கிள்ஸ்பி பார்க்கில் அவர் செய்த கோபுரக் கடிகாரத்துக்கு எண்ணெயே தேவைப்படவில்லை. வெப்பத்தில் பித்தளை எஃகைவிட அதிகம் நீளும். இரண்டின் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒன்றின் நீட்சியை மற்றது விழுங்கும்படி ஓர் ஊசலைச் செய்தார்.

1735இல் முடிந்த முதல் கடற்கடிகாரம், இன்று எச்1 எனப்படுவது, 34 கிலோ. ஊசலுக்குப் பதிலாக இரண்டு பெரிய தண்டுகள் ஒன்றுக்கொன்று எதிராக ஆடின; கப்பல் ஒன்றை முந்தவைத்தால் மற்றதைப் பிந்தவைக்கும். லிஸ்பனிலிருந்து திரும்பும்போது, கப்பலின் அதிகாரிகள் கரையை ஸ்டார்ட் முனை என்று நினைக்க, ஹாரிசன் அது லிசார்ட் முனை என்றார். அவர் சொன்னதே சரி. அவர்களின் கணக்கு 60 மைல் அளவுக்குப் பிசகியிருந்தது.

1714இல் அமைந்த ஆணையர் குழுவின், அதாவது தீர்க்கரேகை வாரியத்தின், முதல் பதிவான கூட்டம் 1737இல்தான் நடந்தது. அதுவும் ஹாரிசனின் கடிகாரத்துக்காக. அங்கே அவர் பரிசு கேட்கவில்லை. தன் கடிகாரத்தின் குறைகளைத் தானே எடுத்துச் சொல்லி, இன்னொன்று செய்ய 500 பவுண்டு கேட்டார். பணம் கிடைத்தது. அடுத்த இருபது ஆண்டுகளிலும் திரும்பத் திரும்பக் கிடைத்தது. மூன்றாவது கடிகாரத்தில் மட்டும் 19 ஆண்டுகளைச் செலவிட்டார். வெப்பமானிகளில் நெடுங்காலம் புழங்கிய ஈருலோகப் பட்டை அதில் பிறந்தது. கூண்டுக்குள் உருளும் தாங்கியும் அதன் கொடைதான். ஆனால் கடலுக்குரிய துல்லியம் வரவில்லை.

விடை வந்தது வேறு பக்கத்திலிருந்து. 1753இல் ஜான் ஜெஃப்ரிஸைக் கொண்டு தன் சொந்த உபயோகத்துக்குச் செய்வித்த சட்டைப்பைக் கடிகாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடியது. பெரிய, மெல்ல ஆடும் பாகங்கள் கப்பலின் ஆட்டத்துக்கு வசப்படுகின்றன; சிறிய, வேகமாக ஆடும் சக்கரம் அதைப் பொருட்படுத்துவதில்லை. 1759இல் முடிந்த எச்4 இந்தப் பாடத்தின் மேல் எழுந்தது. விநாடிக்கு ஐந்து துடிப்பு. பற்சக்கரத்தை விட்டுப் பிடிக்கும் இடத்தில் வைரக் கற்கள். முதன்மைச் சுருள்வில் தளர்வதால் விசை குறையாதபடி, ஏழரை விநாடிக்கு ஒருமுறை தானே முறுக்கிக்கொள்ளும் ஒரு சிறு வில். சாவி கொடுக்கும்போதும் நிற்காமல் ஓட ஓர் ஏற்பாடு.

1761 நவம்பரில் மகன் வில்லியம் அதை டெப்ட்ஃபர்ட் கப்பலில் ஏற்றினார். சில நாளிலேயே கப்பலில் பீர் கெட்டுப்போனது. மதீரா தீவை விரைவில் தொடுவது எல்லாருக்கும் சொந்த விஷயமாகிவிட்டது. கப்பலின் கணக்கும் கடிகாரத்தின் கணக்கும் ஒன்றரைப் பாகை வேறுபட்டன. இப்படியே போனால் நாளைக் காலை போர்ட்டோ சான்டோ தென்படும் என்றார் வில்லியம். தென்பட்டது. அடுத்து விற்பனைக்கு வரும் கடிகாரத்தைத் தானே வாங்கிக்கொள்வதாகக் கேப்டன் டிக்ஸ் சொன்னாராம்.

கழிவுக் கணக்கு

இனி அந்த 5 விநாடிக்கு வரலாம். எந்தக் கடிகாரமும் துல்லியமாக 24 மணி ஓடுவதில்லை. நாளுக்குச் சில விநாடி முந்தும் அல்லது பிந்தும். அந்த முந்தலோ பிந்தலோ மாறாமல் இருந்தால் போதும், கணக்கில் கழித்துவிடலாம். மாலுமிகள் இதைக் கடிகாரத்தின் ரேட் என்பார்கள். எச்4 நாளுக்கு 2⅔ விநாடி பிந்தும் என்று எடுத்துக்கொண்டே 5 விநாடி என்ற முடிவுக்கு வந்தார்கள். 81 நாளுக்கு இந்தக் கழிவு மட்டும் மூன்றரை நிமிடத்துக்கு மேல். அதாவது கழிவில்லாமல் பார்த்தால் 2 நிமிட வரம்பைக் கடிகாரம் தாண்டிவிட்டது. கழிவு எவ்வளவு என்று புறப்படும் முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் வாதமே இல்லை. அப்படிக் கொடுக்கப்படவில்லை. போதாததற்கு, ஜமைக்காவின் தீர்க்கரேகையே அன்று நிச்சயமாகத் தெரியாது.

வாரியம் எழுப்பிய ஆட்சேபணைகள் இவைதான். பிடிவாதமாகத் தோன்றினாலும் எந்தச் சோதனைச்சாலையும் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள். 1764இல் பார்படாஸுக்கு நடந்த இரண்டாம் சோதனையில் இரண்டு ஓட்டைகளும் அடைக்கப்பட்டன: வில்லியம் ரேட்டை முன்கூட்டியே அறிவித்தார், தீவின் தீர்க்கரேகையை வியாழனின் துணைக்கோள் மறைவுகளைக் கொண்டு வானியலாளர்கள் கணித்தார்கள். 47 நாளில் பிழை 39 விநாடி, பத்து மைலுக்குள். மாஸ்கெலைனின் நிலாக் கணக்கு 30 மைல் அளவில் பிழைத்தது. வரம்பைவிட மூன்று மடங்கு நன்றாக ஓடியிருக்கிறது என்று வாரியமும் ஒப்புக்கொண்டது.

இங்கிருந்துதான் ஹாரிசனின் புகார்களில் நியாயம் கூடுகிறது. 1765இல் புதிய சட்டம் வந்தது: அமைப்பை வெளிப்படுத்தினால் முதல் பாதி, பிறரால் அதேபோல் செய்ய முடியும் என்று நிரூபித்தால் மறு பாதி. ஆட்டம் தொடங்கிய பின் விதி மாறியது. அந்த ஆகஸ்டில், ஆறு வல்லுநர்களும் மாஸ்கெலைனும் பார்த்துக்கொண்டிருக்க, 72 வயது ஹாரிசன் தன் வீட்டில் கடிகாரத்தைப் பாகம் பாகமாகக் கழற்றி விளக்கினார். வல்லுநர்களில் ஒருவரான தாமஸ் மட்ஜ் மறு ஆண்டே அந்த விவரங்களைப் பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் ஃபெர்டினான்ட் பெர்தூவுக்குச் சொல்லிவிட்டார். பிறகு கடிகாரம் கிரீனிச்சில் பத்து மாதம் சோதிக்கப்பட்டது. அது முன்பைவிட வெகு வேகமாக ஓட, ஆறு வாரப் பயணத்தில் ஒரு பாகைக்குள்கூட நம்பத்தக்கதல்ல என்று மாஸ்கெலைன் அறிக்கை தந்தார். போட்டி முறை ஒன்றின் தலைமை வழக்கறிஞரே இங்கே நீதிபதி. கழற்றிப் பூட்டிய கடிகாரம் மறுபடி பழைய நிலைக்குச் சரிசெய்யப்பட்டதா என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் இடமில்லை. மாஸ்கெலைன் நேர்மையற்றவர் என்று சொல்ல ஆதாரம் போதாது. அவரை அந்த இருக்கையில் அமர்த்தியது தவறு என்று சொல்லப் போதும்.

ஆனால் பிறர் செய்ய முடியுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வாரியம் கடிகாரக் கலைஞர் லார்கம் கெண்டாலிடம் எச்4இன் நகல் ஒன்றைச் செய்யச் சொன்னது. 1769இல் முடிந்தது, 500 பவுண்டு வாங்கினார். அதுதான் 1772 முதல் 1775 வரை கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் சென்றது. தென்துருவக் குளிரையும் வெப்பமண்டல வெயிலையும் தாங்கியது. முதலில் ஐயத்தோடு பார்த்த குக்கையும் வென்றது. ஹாரிசனின் வடிவமைப்புக்கு இதைவிடப் பெரிய நற்சான்று தேவையில்லை. அதே கெண்டால் வாரியத்திடம் சொன்ன இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: இதே வகைக் கடிகாரம் 200 பவுண்டுக்குக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும், கிடைக்காமலே போனாலும் போகலாம்.

1772இல் ஹாரிசனின் அடுத்த கடிகாரமான எச்5ஐ மூன்றாம் ஜார்ஜ் மன்னரே தன் வானோக்ககத்தில் சோதித்தார். பத்து வாரத்தில் நான்கரை விநாடிப் பிழை. மறு ஆண்டு நாடாளுமன்றம் 8,750 பவுண்டு வழங்கியது. வாழ்நாளில் ஹாரிசன் பெற்ற தொகை மொத்தம் 23,000 பவுண்டைத் தாண்டும். 1714இன் முதல் பரிசு என்ற பெயரில் மட்டும் யாருக்கும் எதுவும் தரப்படவில்லை.

ஒன்றிலிருந்து பல

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கப்பல்களில் இருந்த குரோனோமீட்டரை, அதாவது துல்லியமான கடற்கடிகாரத்தை, திறந்தால் உள்ளே எச்4 இருக்காது. பிரான்சில் பியர் லெ ராய் 1766இல் அரசரிடம் அளித்த கடிகாரம் வேறு தத்துவத்தில் இயங்கியது: பேலன்ஸ் சக்கரத்தை முடிந்தவரை தன் போக்கில் ஆடவிட்டு, ஒரு கணம் மட்டும் தொட்டு உந்துவது, வெப்பத் திருத்தத்தைச் சக்கரத்திலேயே அமைப்பது. ஹாரிசன் உராய்வோடு மல்லுக்கட்டி வென்றார் என்றால், லெ ராய் உராயும் வேலையையே குறைத்துவிட்டார். லண்டனில் ஜான் ஆர்னால்டும் தாமஸ் எர்ன்ஷாவும் இந்த வழியைப் பட்டறைத் தொழிலாக மாற்றினார்கள். ஆர்னால்டின் தொடக்கக் கடிகாரங்கள் குக்கின் பயணத்தில் சொதப்பின, அவர் தளரவில்லை. வாடிக்கையான வேலையை வெளியாட்களிடம் விட்டு, இறுதிச் சரிபார்ப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். விலை 100 பவுண்டுக்குக் கீழே இறங்கியது.

பிரிட்டிஷ் கடற்படைக்கு முன்பே இவற்றை விரும்பி ஏற்றவை கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள். கடிகாரம் வந்ததும் வானியல் விடைபெற்றது என்று எண்ணுவதற்கு மாறாக, கடிகாரம்தான் வானோக்ககத்தைத் தேடி வந்தது. ரேட்டைச் சரிபார்க்க, தீர்க்கரேகை தெரிந்த ஓர் இடமும் நம்பகமான உள்ளூர் நேரமும் வேண்டும். பாறைகளும் சுழிகளும் நிறைந்த சோழமண்டலக் கரையை அளந்துகொண்டிருந்த மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியில் 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் வானோக்ககம் எழுந்தது. அதன் கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. ஜான் கோல்டிங்ஹாம் அங்கிருந்து வியாழனின் துணைக்கோள் மறைவுகளைக் கவனித்துச் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். 1802இல் பரங்கிமலை அருகே தொடங்கிய லாம்டனின் நில அளவையும் இந்த வானோக்ககத்தையே ஆதாரப் புள்ளியாகக் கொண்டது.

நிலாக் கணக்கும் உடனே மறையவில்லை. ஒரே கடிகாரம் வைத்திருந்த கேப்டன், அது வழியில் பிசகியதா என்று அறிய நிலாவைத்தான் பார்த்தாக வேண்டும். இதற்குப் பணக்காரத் தீர்வு, நிறையக் கடிகாரங்கள். 1831இல் புறப்பட்ட பீகிள் கப்பலில் 22 இருந்தன. மரத்தூள் பரப்பிய பெட்டிகளில் அவற்றைப் பதித்து, தினமும் காலை 9 மணிக்குச் சாவி கொடுக்கவும் ஒப்பிடவும் கேப்டன் ஃபிட்ஸ்ராய் தன் சொந்தச் செலவில் ஓர் ஆளை வைத்திருந்தார். ஐந்து ஆண்டு கழித்து உலகைச் சுற்றி வந்தபோது, இடத்துக்கு இடம் கணித்த நேர வேறுபாடுகளின் கூட்டுத்தொகை 24 மணியைவிட 33 விநாடி அதிகமாக இருந்தது. 22இல் பாதியளவே நல்ல நிலையில் மிஞ்சின. துல்லியம் என்பது எந்த ஒரு கடிகாரத்திலும் இல்லை. அவற்றின் ஒப்பீட்டில் இருந்தது.

கடிகாரம் பி

1775இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டு, ஹாரிசன் ஒரு நூல் வெளியிட்டார். தன் முறைப்படி செய்த ஊசல் கடிகாரம் 100 நாளில் ஒரு விநாடிக்குள் நிற்கும் என்ற அவருடைய கூற்று கிழவரின் பிதற்றலாக எள்ளப்பட்டது. நடையும் சிக்கலானது, வாரியத்தின் மேல் கோபம் பக்கத்துக்குப் பக்கம் கொப்புளிக்கும். கிரீனிச்சில் பச்சையேறிக் கிடந்த அவருடைய கடற்கடிகாரங்களைக் கடற்படை அதிகாரி ரூபர்ட் கூல்ட் 1920களில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் பழுதுபார்த்து ஓடவைத்தார். அதன் பிறகுதான் அவருடைய எழுத்தையும் சிலர் ஊன்றி வாசிக்கத் தொடங்கினார்கள்.

அவர்களில் ஒருவரான மார்ட்டின் பர்ஜஸ் 1970களில் இந்த வாசிப்பின் அடிப்படையில் ஒரு கடிகாரத்தைத் தொடங்கினார். வேறு கைகள் அதை முடித்தன. கடிகாரம் பி என்று பெயரிடப்பட்ட அதை கிரீனிச்சில் கண்ணாடி போன்ற உறைக்குள் முத்திரையிட்டு வைத்து 100 நாள் கண்காணித்தார்கள். 2015இல் முடிவு வந்தது: எட்டில் ஐந்து பங்கு விநாடிப் பிழை. ஹாரிசனின் கூற்று மெய்ப்பட்டது. வாரியம் 1765இல் கேட்டதும் இதையேதான்: அவர் எழுதிக் கொடுத்ததை வைத்து இன்னொருவர் செய்து காட்ட வேண்டும். அந்தப் புத்தகத்தைப் பொறுத்தவரை அதற்கு 240 ஆண்டுகள் ஆயின.